நாலாம் மாடி ஆபீஸை வீடாக்கித் தருகிறார்களாம், கையெழுத்துப் போடலாமா?

ஒலவக்கோடு ராத்திரி வண்டி

பாலக்காடு டவுனில், ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கமர்ஷியல் கட்டடம். பெயர் வேண்டாம், ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். கீழ்த்தளமும் மேலே ஏழு மாடியும். 2011-ல் அப்பா அதில் நாலாம் மாடியில் ஒரு யூனிட் வாங்கினார். ஆதாரத்தில் (பத்திரத்தில்) 640 சதுர அடி.

அப்பா சேல்ஸ் டாக்ஸ் பிராக்டிஷனர். வாளையார் செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்ற வரைக்கும் எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, வணிகவரி செக்போஸ்ட் போனது, மூன்று நாலு மாடியில் இருந்த புக்கிங் ஆபீஸ், டாக்ஸ் ஆபீஸ் எல்லாம் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. கோச்சிங் சென்டர்கள் வந்தன, கொரோனாவில் அவையும் ஆன்லைனுக்குப் போய்விட்டன. அப்பாவும் இப்போது இல்லை. யூனிட் பூட்டிக் கிடக்கிறது, மெயின்டனன்ஸ் மட்டும் மாதாமாதம் கட்டுகிறேன்.

போன வாரம் ஓனர்ஸ் அசோசியேஷனிலிருந்து கடிதம். மூணு முதல் ஏழு வரை ஐந்து மாடிகளையும் ஃபிளாட்டாக மாற்றப் போகிறார்களாம். மாடிக்கு எட்டு, மொத்தம் நாற்பது. ஒரு பில்டர் எடுத்துச் செய்கிறார். என் யூனிட்டைக் கொடுத்துவிட்டு மேலே சதுர அடிக்கு 1,100 ரூபாய் கட்டினால் அதே மாடியில் ஒரு பெட்ரூம் ஃபிளாட். இல்லையென்றால் அவர் சொல்கிற விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். கீழ்த்தளக் கடைகள், முதல் மாடி பேங்க், ரெண்டாம் மாடி லேப் எல்லாம் அப்படியே இருக்கும். 30 நாளில் சம்மதக் கடிதம் வேண்டுமாம்.

கஞ்சிக்கோட்டில் ஐஐடி இருக்கிறது, ஃபிளாட் என்றால் வாடகை நிச்சயம் என்று மாமா சொல்கிறார். எனக்குத்தான் உறுத்துகிறது. ஆபீஸை வீடாக்குவது அவ்வளவு சுலபமா?

கால்கரி குளிர்

சொந்த ஊர் கொல்லங்கோடு, இருப்பது கனடா கால்கரி. இந்த ஊரே உங்கள் கேள்விக்கு நடமாடும் உதாரணம். 2014-க்குப் பிறகு எண்ணெய் விலை சரிந்ததில் டவுன்டவுன் டவர்கள் காலியாகி, கொரோனா முடிந்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆபீஸ் இடம் சும்மா கிடந்தது. 2021-ல் நகராட்சியே ஒரு திட்டம் போட்டது: ஆபீஸை வீடாக மாற்றினால் சதுர அடிக்கு 75 டாலர் மானியம். அதற்குப் பிறகுதான் பில்டர்கள் அசைந்தார்கள்.

கவனியுங்கள், அத்தனை பணம் கொடுத்தும் பெரும்பாலும் வாடகை வீடுகளாகத்தான் மாற்றுகிறார்கள். ஒரே முதலாளி, ஒரே முடிவு. உங்கள் கட்டடத்தில் எத்தனை ஓனர்?

ஒலவக்கோடு ராத்திரி வண்டி

ஐந்து மாடியில் மட்டும் 46 பேர். அதில் 11 பேர் கல்ஃபில். ஒருவர் எங்கே என்றே யாருக்கும் தெரியாது.

கம்பிவேலை

கோயம்புத்தூரில் ஸ்ட்ரக்சுரல் வேலை. ஒன்றிரண்டு கன்வெர்ஷன் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எடை தாங்குமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது இங்கே பெரிய பயம் இல்லை. ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரக் கணக்கில் வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ, ஆபீஸுக்கு 250-லிருந்து 400 வரை. ஆபீஸ் ஸ்லாப் வீட்டு ஸ்லாபைவிடக் கெட்டிதான். ஆனால் அந்தக் கெட்டித்தனத்தை நம்பி நடுவில் செங்கல் சுவராக எழுப்பினால் மிச்சம் காணாமல் போகும். ஏஏசி என்கிற லேசான கான்கிரீட் பிளாக் போட்டால் செங்கல் எடையில் மூன்றில் ஒரு பங்குதான்.

பயப்பட வேண்டியது பாத்ரூமுக்கு. உங்கள் மாடியில் இப்போது ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, ரெண்டும் ஒரே மூலையில் இருக்கும். எட்டு வீடு என்றால் எட்டு சமையலறை, குறைந்தது எட்டு பாத்ரூம். கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும், 60-க்கு 1 என்று வைத்தால் 12 மீட்டர் தள்ளி இருக்கும் பாத்ரூமுக்கு 20 சென்டிமீட்டர் இறக்கம். வீடாகவே கட்டும்போது பாத்ரூம் அடியில் ஸ்லாபைத் தாழ்த்தி வார்த்துவிடுவோம். ஆபீஸில் அந்தப் பள்ளம் கிடையாது. ஒன்று, பாத்ரூம் தரையை உயர்த்தி உள்ளே நிரப்ப வேண்டும் (செங்கல் ஜல்லி போட்டு 20 சென்டிமீட்டர் நிரப்பினால் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் ஏறும், மேலே சொன்ன மிச்சம் அங்கேயே தீர்ந்தது). இல்லை, ஸ்லாபில் ஓட்டை போட்டுக் குழாயைக் கீழ் வீட்டு சீலிங்கில் ஓடவிட வேண்டும்.

ஓட்டை போடுவதிலும் ஒரு கண்டம். அந்தக் காலத்துக் கமர்ஷியல் கட்டடங்களில் சில போஸ்ட் டென்ஷன் ஸ்லாப். உள்ளே கேபிளை இழுத்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். தெரியாமல் கோர் கட்டிங் போட்டு ஒரு கேபிள் அறுந்தால் வெறும் விரிசலோடு போகாது. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இருக்கிறதா என்று கேளுங்கள். "இருக்கும்" என்பது பதில் இல்லை, பேப்பரைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

அப்புறம் வெளிச்சம். ஜன்னலிலிருந்து ஆறேழு மீட்டருக்கு மேல் உள்ளே பகல் வெளிச்சம் போகாது. கட்டடத்தின் அகலம் என்ன, லிஃப்ட் எங்கே, ஜன்னல் திறக்குமா? இந்த மூன்றையும் எழுதுங்கள்.

சுல்தான்பேட்டை அக்கா

ஒலவக்கோடு, என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். நான் இருப்பது ஃபிளாட்டாகவே கட்டின ஃபிளாட். அதிலேயே ஒரு பெட்ரூம் ஜன்னல் டக்டைப் பார்த்து இருக்கிறது. ஏப்ரலில் அந்த அறையில் யாரும் படுக்க மாட்டோம், நெல்லு மூட்டை வைக்கிற அறை. பாலக்காட்டு வெயில் தெரியாதவரா நீங்கள்? மேற்குப் பக்கம் கண்ணாடி வைத்த கட்டடமாயிருந்தால் ஏசி இல்லாமல் ஒரு மத்தியானம் கழிக்க முடியாது. ஆபீஸுக்கு சென்ட்ரல் ஏசி, ஆறு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்காரி எங்கே போவாள்?

சமையலறையை ஒட்டி வொர்க் ஏரியா இருக்கிறதா, துணி எங்கே காயப்போடுவது, இதையும் கேளுங்கள். பிளான் போடுகிற ஆண்களுக்கு இது நினைவே வராது.

கால்கரி குளிர்

கம்பிவேலை சார் சொன்ன வெளிச்ச விஷயத்துக்கு நியூயார்க் நல்ல பாடம். அங்கே ஒன் வால் ஸ்ட்ரீட் என்று 1931-ல் கட்டின பேங்க் டவர், இப்போது 566 காண்டோ, அதாவது சொந்தமாக வாங்கும் ஃபிளாட். ஏசி, டியூப்லைட் எல்லாம் வருவதற்கு முந்தைய கட்டடங்களில் குமாஸ்தா உட்காரும் இடத்துக்கு ஜன்னல் வெளிச்சம் வந்தே ஆக வேண்டும். அதனால் அந்தக் கால ஆபீஸ்கள் வீட்டுக்கு ஒத்துப்போகின்றன.

அதே ஊரில் 25 வாட்டர் ஸ்ட்ரீட் 1960-களின் கடைசியில் கட்டியது. பெட்டி மாதிரி அகலம், நடுவில் இருட்டு. என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டடத்தின் நடுவில் ரெண்டு இடத்தில் மேலிருந்து கீழ்வரை வெட்டி எடுத்து முற்றம் மாதிரி வெளிச்சக் கிணறு வைத்தார்கள். வெட்டி இழந்த இடத்துக்கு ஈடாக மேலே பத்து மாடி ஏற்றினார்கள். 1,300 வீடு. அதுவும் வாடகைக்குத்தான்.

நம்மூர் நாலுகெட்டில் நடுமுற்றம் வைத்தார்களே, அதே புத்திதான். என்ன, இவர்கள் கட்டி முடித்த பிறகு வெட்டினார்கள்.

வாளையார் 2 மணி

எல்லாரும் பயமுறுத்தறீங்களே. காலியாக் கிடந்து கரையான் அரிக்கறதுக்கு வீடானா நல்லதுதானே? டவுனுக்குள்ள இனி இடம் எங்க இருக்கு? வயலை நிரப்பி வில்லா கட்டறதைவிட இது மேல். மாமா சொல்றது சரி, கையெழுத்துப் போடுங்க.

ஒலவக்கோடு ராத்திரி வண்டி

கம்பிவேலை சார், இன்றைக்குப் போய் அளந்தேன். கட்டடம் 26 மீட்டர் அகலம், 34 நீளம். லிஃப்டும் படியும் நடுவில், அது 8 மீட்டர் இடம் பிடிக்கிறது. மேற்கு முகம் முழுக்க நீலக் கண்ணாடி, திறக்காது. மற்ற மூன்று பக்கமும் ஸ்லைடிங் ஜன்னல். ஒரு மாடி தரையிலிருந்து அடுத்த மாடி தரைக்கு 3.6 மீட்டர். கழிப்பறைகள் வடகிழக்கு மூலையில்.

அளக்கப் போனபோது இன்னொன்றும் தெரிந்தது. ரெண்டாவது படிக்கட்டு ஒன்று இருக்கிறது, 13 வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. லேப்காரர்கள் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கம்பிவேலை

26-ல் 8 போனால் பக்கத்துக்கு 9 மீட்டர். காரிடார் ரெண்டு மீட்டர் விட்டால் வீட்டின் ஆழம் ஏழு. நான் நினைத்ததைவிட நல்ல கட்டடம். ஜன்னல் பக்கம் ஹாலும் பெட்ரூமும், உள்பக்கம் பாத்ரூம், ஸ்டோர். 3.6 உயரம் இருப்பதால் தரையை 20 சென்டிமீட்டர் உயர்த்தினாலும் தலை இடிக்காது. மேற்குக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் வைத்து, மேலே சஜ்ஜா இழுத்தால் அக்கா சொன்ன வெயிலுக்கும் மருந்து உண்டு. செலவு பில்டருடையதா உங்களுடையதா என்று எழுதி வாங்குங்கள்.

குழாய் பிரச்சினை மட்டும் அப்படியே நிற்கிறது. நாலு பக்கமும் பாத்ரூம் வந்தால், குழாய்கள் மேலிருந்து கீழே இறங்க நாலைந்து புது ஷாஃப்ட் வேண்டும்.

ஏணிக்காரன்

ஃபயர் ஃபோர்ஸில் இருந்து ஓய்வு. அந்த அட்டைப்பெட்டி விஷயத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். தேசியக் கட்டட விதியில் 15 மீட்டருக்கு மேல் போனாலே உயரக் கட்டடம், உங்களுடையது 28 மீட்டருக்கு மேல் வரும். ஆபீஸில் தீப்பிடித்தால் எல்லோரும் விழித்திருப்பார்கள், நடக்கத் தெரிந்தவர்கள். வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு தாத்தா, கைக்குழந்தை, சமையல் கேஸ். கட்டடம் அதேதான், ஆனால் எங்களுக்கு வேறு கட்டடம். பழைய ஃபயர் என்ஓசியை (தடையில்லாச் சான்றை) காட்டி சமாளிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். குடியிருப்பு உபயோகத்துக்கென்று புதிதாக வாங்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை தென்னை

யாருமே தண்ணியைப் பத்திப் பேசலையேங்க. எங்க சித்தூர் பக்கம் போர் போட்டுப் போர் போட்டு நிலத்தடித் தண்ணி எந்த நிலைமைக்கு வந்துச்சுன்னு கோக் கம்பெனிக்கு எதிரா நின்ன பிளாச்சிமடைக்காரங்களைக் கேட்டா சொல்லுவாங்க. அதனால எனக்கு எதைப் பார்த்தாலும் தண்ணிக் கணக்குதான் முதல்ல வரும்.

ஆபீஸுக்கு ஆளுக்கு 45 லிட்டர், வீட்டுக்கு 135 லிட்டர். இது ஐஎஸ் கணக்கு, நான் சொல்றதில்லை. அஞ்சு மாடியும் நிறைஞ்ச காலத்துல 400 பேர்னு வையுங்க, 18,000 லிட்டர். அதுவும் ஞாயித்துக்கிழமை இல்லை, ஹர்த்தால் அன்னைக்கு இல்லை. இப்ப நாப்பது வீடு, வீட்டுக்கு அஞ்சு பேர், 27,000 லிட்டர். வருஷம் 365 நாளும். மேல டேங்க், கீழ சம்ப், மோட்டார், எல்லாம் ஆபீஸ் அளவுக்கு வச்சது. மலம்புழா தண்ணி டவுனுக்கு வருது, சரி. ஏப்ரல் மேயில எத்தனை மணி நேரம் வருதுன்னு உங்களுக்கே தெரியும். மீதிக்கு லாரி.

உள்ள வர்ற தண்ணி வெளியவும் போகணுமில்லைங்களா? எஸ்டிபி, அதான் கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற பிளான்ட், எங்க வைக்கப் போறாங்க? பார்க்கிங்லதான் இடம் இருக்கும். அப்ப நாப்பது வீட்டுக் கார் எங்க நிக்கும்?

சுல்தான்பேட்டை அக்கா

தென்னை அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் ஃபிளாட்டில் சண்டை என்று வந்தால் அது தண்ணீர் லாரிப் பணத்துக்குத்தான்.

வாளையார் 2 மணி

சரி சரி, தண்ணிக் கணக்குக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா பேப்பர் எல்லாம் சரியா இருந்தா?

மீன்கரை

பேப்பர் சரியா இருந்தா? கொச்சி மரடு மறந்து போச்சா? 2020 ஜனவரியில ரெண்டே நாள்ல நாலு ஃபிளாட் தூள். அத்தனை பேரும் ஆதாரம் பதிஞ்சு, வரி கட்டி, லோன் போட்டு வாங்கினவங்கதான்.

ஆதாரமெழுத்து

மரடு கடலோர ஒழுங்குமுறை விதியை மீறின வழக்கு. பாலக்காட்டில் கடல் எங்கே இருக்கிறது? சரியான இடத்தில் பயப்பட வேண்டும்.

எங்கள் வேலையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். முதல் விஷயம், உபயோக மாற்றம். கேரள முனிசிபாலிட்டி கட்டட விதி 2019-ல் ஆபீஸ் ஒரு வகுப்பு, குடியிருப்பு ஒரு வகுப்பு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக முனிசிபாலிட்டி செக்ரட்டரியின் பெர்மிட் வேண்டும், வேலை முடிந்ததும் குடியேறலாம் என்ற ஆக்குபன்சி சர்டிஃபிகேட் வேண்டும். அது வராமல் குடியேறினால் வீட்டு லோனும் கிடைக்காது, கரண்டும் கமர்ஷியல் டாரிஃபிலேயே ஓடும்.

ரெண்டாவது, ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 2016 சட்டத்தில் ரிப்பேர், புதுப்பிப்புக்கு விலக்கு உண்டு என்று பில்டர் சொல்வார். பாதிதான் உண்மை. விற்பனையோ புது ஒதுக்கீடோ இல்லாத புதுப்பிப்புக்குத்தான் அந்த விலக்கு. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலும் வீடு எட்டுக்கு மேலும் போனால் பதிவு வேண்டும், நாற்பது வீட்டில் மீதியை வெளியாருக்கு விற்பவர் எப்படி விலகுவார்? பதிவு செய்தால் வாங்கும் பணத்தில் 70 சதவீதம் தனி அக்கவுண்டில் கிடக்கும், கட்டுமானக் குறைக்கு ஐந்து வருஷம் பொறுப்பும் அவருடையது. கார்பெட் ஏரியா, அதாவது வெளிச்சுவருக்குள் இருக்கும் தரைப் பரப்பு, அந்தக் கணக்கில்தான் விற்க முடியும் என்பதும் உண்டு. உங்கள் 640 எந்தக் கணக்கு?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 1983-ன் கேரள அபார்ட்மென்ட் உரிமைச் சட்டத்தின் கீழ் டிக்ளரேஷன் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பதிந்திருந்தால் பொது இடத்தில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று அதிலேயே எழுதியிருக்கும். 46 யூனிட்டை 40 வீடாக மாற்றினால் அந்தச் சதவீதம் மாறும். எல்லா ஓனரும் சம்மதிக்காமல் அதைத் தொட முடியாது. எல்லாரும் என்றால் கீழ்க் கடைக்காரர், முதல் மாடிக்காரர், கல்ஃபில் இருக்கும் பதினொருவர், அந்தக் காணாமல் போன ஆள் உள்பட.

உங்கள் யூனிட்டைக் கொடுத்து வேறு ஃபிளாட் வாங்குவது புது ஆதாரம். முத்திரை 8 சதவீதம், பதிவு 2 சதவீதம், யார் தலையில் என்று கடிதத்தில் இருக்கிறதா? அப்பா பேரிலிருந்து போக்குவரவு (வரிக் கணக்கில் பேர் மாற்றம்) முடித்துவிட்டீர்களா? அது முடியாவிட்டால் ஆதாரம் பதியும்போது சிக்கல் வரும்.

ஒலவக்கோடு ராத்திரி வண்டி

போக்குவரவு போன வருஷமே முடித்துவிட்டேன். கரம் (வரி) ரசீது என் பேரில்தான்.

640 என்பது பொது இடத்தையும் சேர்த்த சூப்பர் பில்டப். டேப்பை வைத்து அளந்தால் உள்ளே 458. கடிதத்தில் தருவதாகச் சொல்லும் "520 சதுர அடி ஃபிளாட்" எந்தக் கணக்கு என்று கேட்டேன். செக்ரட்டரி பில்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். முத்திரைச் செலவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி கிடையாது.

இன்றைக்கு பிளானையும் காட்டினார்கள். எனக்கு வருவது வடக்குப் பக்கம், நாலில் ஒரு வீடு. பக்கத்துக் கட்டடத்துச் சுவர் கைக்கெட்டும் தூரம். பெட்ரூமுக்கு ஜன்னல் வரைந்திருக்கிறது, திறந்தால் அந்தச் சுவரும் ஏசி அவுட்டோர் யூனிட்டும்தான். மேற்கு, கிழக்கு மூலை வீடுகள் எல்லாம் விற்பனைக்கு.

கம்பிவேலை

நல்லதெல்லாம் விற்பனைக்கு, மிச்சம் பழைய ஓனருக்கு. எதிர்பார்த்ததுதான். பிளானில் ஷாஃப்ட் எங்கே வரைந்திருக்கிறார்கள்? மூணாம் மாடிக்குக் கீழே அந்தக் குழாய்கள் எங்கே போகின்றன?

ஒலவக்கோடு ராத்திரி வண்டி

மூணாம் மாடி வரை ஐந்து ஷாஃப்ட். அதற்குக் கீழே பிளானில் ஒன்றுமே இல்லை, வெள்ளைக் காகிதம்.

கம்பிவேலை

ரெண்டாம் மாடி லேபுக்குள்ளும், முதல் மாடி பேங்குக்குள்ளும் போய்த்தானே தீர வேண்டும். வெளிச்சுவரில் இறக்கலாம், ஆனால் நடுப்பக்கக் குழாயை வெளியே கொண்டுவர ரெண்டாம் மாடி சீலிங் முழுக்க ஓட்ட வேண்டும். அவர்களிடம் கேட்டார்களா?

ஒலவக்கோடு ராத்திரி வண்டி (மூன்று நாள் கழித்து)

பேங்க் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். அப்பா காலத்திலிருந்தே அக்கவுண்ட் அங்கேதான். பிளானை விரித்துக் காட்டி, இந்த இடத்துக்குக் கீழே உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தென்கிழக்கு ஷாஃப்டுக்கு நேர் கீழே லாக்கர் ரூம்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எட்டு வீட்டுக் கக்கூஸ் குழாயா, அஞ்சு மாடிக்கா?" என்று கேட்டார். அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள், முதல் மாடி ஓனர் திருச்சூரில். அவருக்கு அப்படி ஒரு கடிதமே வரவில்லையாம், போன் போட்டு என் எதிரிலேயே கேட்டார். லேப்காரருக்கும் வரவில்லை. மேல் ஐந்து மாடிக்காரர்களிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அப்புறம் கீழ்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

மாமாவிடம் சொன்னேன். ஐஐடி பேச்சை இப்போது எடுப்பதில்லை.

சம்மதக் கடிதத்துக்குப் பதிலாக ஆறு கேள்வி எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன்: ஸ்ட்ரக்சுரல் டிராயிங், ரெரா பதிவு, உபயோக மாற்ற பெர்மிட், கீழ் ஓனர்கள் சம்மதம், தண்ணீரும் எஸ்டிபியும், முத்திரைச் செலவு. யூனிட்டை விற்கவும் இல்லை. கட்டடம் வீடாகக் கூடாது என்று எனக்கொன்றும் இல்லை, மேற்கு ஜன்னல் திறந்து, எனக்கு ஒரு மூலை வீடு கிடைத்தால் நானே அங்கே குடிபோவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் பாடி. கல்ஃப்காரர்களில் ஏழு பேர் வீடியோவில் வருகிறார்கள். தென்னை அண்ணா, உங்கள் தண்ணீர்க் கணக்கை மலையாளத்தில் எழுதித் தர முடியுமா? பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.

கொழிஞ்சாம்பாறை தென்னை

தர்றேங்க. கார் பார்க்கிங் கணக்கையும் சேர்த்தே எழுதறேன். ராத்திரிக்குள்ள அனுப்பிடறேன்.

ஏணிக்காரன்

அந்தப் படிக்கட்டு?

ஒலவக்கோடு ராத்திரி வண்டி

லேப்காரர் பெட்டிகளை எடுத்துவிட்டார். இப்போது ரெண்டு பைக் நிற்கிறது.